டேரா, வண்டி, ஒரு குடம் தண்ணி: காரோட கூடாரமும் எடுத்துட்டுப் போகணுமா?

(ஒலி வடிவத்திலிருந்து எழுதித் திருத்தப்பட்டது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோட் எங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல நடந்த ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது.

எங்க அம்மாவோட ஊர் ஆர்.கே.பேட்டை. முழுப் பேர் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை. திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பக்கத்துல, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற நெசவு ஊர். தெருவுல நடந்தா தறிச் சத்தமும் கேக்கும், தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சும் கேக்கும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போறது அந்த வீட்டுல பல தலைமுறைப் பழக்கம். இந்தத் தடவை சித்தி பையன் புதுசா ஒரு பெரிய கார் வாங்கியிருக்கான். பின் சீட்டை மடிச்சா ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். "லாட்ஜ் எல்லாம் வேணாம்ணா, கார்லயே தங்கிடலாம்"னான். அடுத்த மெசேஜ்: "டென்ட் ஒண்ணு வாங்கவா, இல்ல கார் போதுமா?"

அவ்வளவுதான், குரூப் ரெண்டா உடைஞ்சது. கார் இருக்கும்போது கூடாரம் எதுக்கு, வெட்டிச் சுமைன்னு ஒரு கட்சி. கார்ல எல்லாரும் படுக்க முடியாது, பொம்பளைங்க துணி மாத்த இடம் வேணாமான்னு இன்னொரு கட்சி. எங்க பெரிய மாமா மட்டும் தனி ரகம்: "எங்க போய் டேரா போடப் போறீங்க, மொதல்ல அதைச் சொல்லுங்க."

டேராங்கற அந்தச் சொல்லுல நான் நின்னுட்டேன். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து பத்து நாள் கிளம்பாம இருந்தா "டேரா போட்டுட்டான்"னு சொல்றோம்ல? அந்த டேரா நிஜமான கூடாரம். இந்துஸ்தானில இருந்து பட்டாளத்தோடயும் சர்க்காரோடயும் நம்ம ஊருக்கு வந்த சொல். முகாம்னு சொல்றோமே, அதுவும் அரபில இருந்து வந்தது. ஆனா வண்டி நம்ம சொல். இங்கிலீஷ்காரங்க அதை 'பேண்டி'ன்னு எடுத்துக்கிட்டாங்க. தோப்பும் நம்ம ஊர்ச் சொல்தான். அது அவங்க வாயில 'டோப்' ஆச்சு. ஆர்.கே.பேட்டைல இருக்கிற பேட்டையையே எடுத்துக்கோங்க. பேட்டைன்னா சந்தை கூடுற இடம். வண்டிப்பேட்டைன்னா வண்டிங்க வந்து மாட்டை அவிழ்த்துவிட்டுத் தங்குற இடம்.

வண்டியில போறவங்க கூடாரமும் கொண்டுபோகணுமாங்கற கேள்வி இந்த மண்ணுல ரொம்பப் பழசு. அதுக்கு யார் யார் என்ன பதில் வச்சிருந்தாங்கன்னு பார்ப்போம்.

சட்டியும் உரலும் தொங்குற வண்டி

சங்க இலக்கியத்துல உமணர்னு ஒரு கூட்டம் வருவாங்க. உப்பு வியாபாரிங்க. கடற்கரையில உப்பை ஏத்திக்கிட்டு வரிசையா வண்டி கட்டி உள்நாட்டுக்குப் போவாங்க. குடும்பத்தோட போவாங்க, வாரக்கணக்குல ரோட்டுலயே இருப்பாங்க.

பெரும்பாணாற்றுப்படைல அவங்க வண்டி ஒண்ணு விரிவா வருது. எழுதினவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அதாவது நம்ம தொண்டை மண்டலம். அந்த வண்டிக்கு வேய்ஞ்ச கூரை இருக்கு. ஒரு கோழிக்கூடு இருக்கு. காடி வச்ச சட்டி ஒண்ணைக் கயித்துல கட்டியிருக்காங்க. காடின்னா ஊறுகாய்னு உரைகாரங்க சொல்றாங்க. குட்டி யானையோட முழங்கால் மாதிரி ஒரு சின்ன உரல் தொங்குது. கைக்குழந்தையோட ஒரு பெண் மாட்டை ஓட்டுறா. இப்ப இன்ஸ்டாகிராம்ல கேம்பர் வேன் டூர் போடுறாங்கல்ல, அந்த வீடியோல என்னென்ன காட்டுவாங்களோ அத்தனையும் இருக்கு. புறநானூறுல ஔவையார் பாட்டு ஒண்ணுல இன்னொரு விஷயமும் வருது. உமணர் வண்டிக்கு அடியில ஒரு அச்சைக் கூடுதலா கட்டிவச்சிருப்பாங்க, பள்ளம் மேட்டுல ஒண்ணு உடைஞ்சா மாத்திக்க. ஸ்டெப்னி.

ஊறுகாய் வரைக்கும் ஏத்தின அந்த வண்டில கூடாரம் பத்திப் பேச்சே இல்ல. கூடாரம் இலக்கியத்துல வர்றது வேற இடத்துல. அதே பத்துப்பாட்டுல முல்லைப்பாட்டுன்னு இன்னொரு பாட்டு, நப்பூதனார் எழுதினது. அதுல ராஜா போருக்குப் போய்க் காட்டுல பாசறை போட்டிருக்கான். காட்டை வெட்டி, முள்வேலி கட்டி, வரிசையா குடில்கள். நடுவுல ராஜாவுக்கு மட்டும் உயரமான கழிகளை நட்டு, பல நிறத் துணித் திரை கட்டின தனி இடம். காவலுக்கு யவனர்கள். உள்ளே விளக்கேத்த ஆள், நேரம் பார்த்துச் சொல்ல ஆள்.

உப்பு விக்கிறவன் குடும்பத்துக்கு வண்டியே வீடு. படை நடத்துறவன் கூடாரம் கொண்டுபோறான், ஏன்னா அதைச் சுமக்கவும் நடவும் காவல் காக்கவும் அவன்கிட்ட ஆள் இருக்கு. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த ரெண்டாயிரம் வருஷக் கதையில இது திரும்பத் திரும்ப வரும்.

கூடாரத்துக்காக ஒரு கலகம்

ஆர்.கே.பேட்டைல இருந்து கொஞ்ச தூரத்துல சோளிங்கர். நரசிம்மர் மலைக்காகப் போயிருப்பீங்க. 1781 செப்டம்பர் 27-ஆம் தேதி அங்க ஹைதர் அலி படைக்கும் ஜெனரல் அயர் கூட் நடத்தின கம்பெனிப் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. கம்பெனி ஜெயிச்சது. ஆனா அந்த வருஷம் முழுக்க கூட்டைத் துரத்தினது ஹைதரோட பீரங்கி மட்டுமில்ல, மாட்டுப் பஞ்சமும் அரிசிப் பஞ்சமும்தான். பீரங்கிக்கு மாடு, அரிசிக்கு மாடு, கூடாரத்துக்கு மாடு. நனைஞ்ச கூடாரத்துணி என்ன கனம் கனக்கும்னு மழையில டென்ட் போட்டவங்களுக்குத் தெரியும். இப்ப வர்ற நைலான் இல்ல, கெட்டியான பருத்தித் துணி, மரக்கம்பம், கயிறு, முளை. ஒரு பட்டாளம் முழுக்கக் கூடாரத்துல தங்கணும்னா அதுக்குன்னே ஒரு மாட்டு மந்தை வேணும்.

அதனால மெட்ராஸ் ராணுவம் ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. பேரே டென்ட் கான்ட்ராக்ட். இந்தியச் சிப்பாய்கள் இருக்கிற ஒவ்வொரு பட்டாளத்துக்கும் தலைமை தாங்குற வெள்ளைக்கார அதிகாரிக்கு மாசாமாசம் ஒரு தொகை. அதை வச்சு அவர் கூடாரங்களையும் அதைச் சுமக்கிற மாடுகளையும் எப்பவும் தயாரா வச்சிருக்கணும். போர் வந்தாலும் அதே தொகை, படை ஊர்லயே சும்மா இருந்தாலும் அதே தொகை.

ஆபீஸ் போறவங்களுக்கு இது உடனே புரியும். வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருந்தாலும் கேப் அலவன்ஸ் வருதுன்னு வைங்க. கேப் புக் பண்ணுவீங்களா?

1807-ல குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் ஜான் மன்றோ இதைத்தான் ஒரு அறிக்கையா எழுதிக் கொடுத்தார். போர்ல செலவு அதிகம், அமைதியில செலவு கம்மி, ரெண்டுக்கும் ஒரே பணம். அப்படின்னா அதிகாரியோட கடமை ஒரு பக்கமும் சொந்த லாபம் எதிர்ப் பக்கமும் இழுக்குமேங்கறதுதான் அதோட சாரம். 1808-ல மெட்ராஸ் அரசு அந்தக் கான்ட்ராக்டை ரத்து பண்ணுச்சு. அதிகாரிகள் கொதிச்சுட்டாங்க. எங்களைத் திருடன்னு சொல்றியான்னு மன்றோ மேல புகார் கொடுத்தாங்க. 1809 ஜனவரியில தலைமைத் தளபதி ஹே மக்டொவல் மன்றோவையே கைது பண்ணிட்டார். கவர்னர் ஜார்ஜ் பார்லோ தலையிட்டு விடுதலை பண்ண வச்சார். மக்டொவல் கோபமா ஒரு கண்டன உத்தரவு போட்டுட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பார்லோ அவரைப் பதவிநீக்கம் பண்ணார். அந்தக் கப்பல் வழியிலயே கடல்ல காணாமப் போச்சு.

சண்டை நிக்கல. பார்லோ ஒவ்வொரு அதிகாரியா இடைநீக்கம் பண்ணப் பண்ண, மசூலிப்பட்டினம், ஹைதராபாத், ஸ்ரீரங்கப்பட்டினம்னு படைமுகாம்கள் அரசை எதிர்த்து நின்னுச்சு. சரித்திரத்துல இதை வெள்ளை அதிகாரிகளோட கலகம்னு சொல்வாங்க. கூடாரப் பணம் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. பதவி உயர்வு, படிப்பணம், அரசரோட ராணுவத்துக்குக் கிடைச்ச சலுகை கம்பெனி ராணுவத்துக்கு இல்லங்கற புகைச்சல் எல்லாம் சேர்ந்திருந்தது. ஆனா தீக்குச்சி கூடாரம்தான்.

இதுல எனக்கு உறுத்துற இடம் ஒண்ணு இருக்கு. 1809 ஆகஸ்ட்ல சித்ரதுர்க்கால இருந்து ரெண்டு பட்டாளத்துச் சிப்பாய்கள் தங்களோட அதிகாரிங்க பேச்சைக் கேட்டு ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு நடந்து வந்தாங்க. கோட்டையை நெருங்கும்போது அரசுக் குதிரைப்படையும் மைசூர்க் குதிரைப்படையும் அவங்க மேல பாய்ஞ்சுச்சு. பலர் செத்தாங்க. அடுத்த மாசமே கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு மெட்ராஸ் வந்து, கலகம் பண்ண அதிகாரிகள்ல பெரும்பாலானவங்களுக்கு மன்னிப்பு கொடுத்துட்டார். அந்தக் கூடாரங்கள் எல்லாம் யார் தூங்குறதுக்காக? சிப்பாய்களுக்காக. பணம் அதிகாரி கைக்குப் போச்சு, மன்னிப்பும் அதிகாரிக்குப் போச்சு. செத்தது சிப்பாய்.

துரை வர்றார், வண்டி அனுப்பு

அதே காலத்துல இன்னொரு மன்றோ இருந்தார், தாமஸ் மன்றோ. சென்னைல இருக்கிறவங்க அவரைத் தினமும் பார்க்கிறோம். தீவுத்திடல் பக்கம் மவுன்ட் ரோட்டுல குதிரை மேல உட்கார்ந்திருக்காரே, அவர்தான். பிரான்சிஸ் சான்ட்ரி செஞ்சு 1839-ல நிறுத்தின சிலை. குதிரைக்குச் சேணமும் இல்ல, கால் வைக்க அங்கவடியும் இல்ல. அடுத்த தடவை சிக்னல்ல நிக்கும்போது பாருங்க.

அவர் 1800-ல இருந்து 1807 வரைக்கும் கடப்பா, பெல்லாரி, அனந்தபூர் இருக்கிற பகுதிக்குத் தலைமைக் கலெக்டர். அந்த வருஷங்கள்ல பெரும்பகுதி கூடாரத்துலதான் வாழ்ந்தார். ஊர் ஊராப் போய் நிலத்தைப் பார்த்து, விவசாயிகிட்ட நேரா பேசி வரி போடணும்ங்கறது அவரோட கொள்கை. பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆனப்பவும் சுத்துறதை விடல. 1827 ஜூலைல அப்படி ஒரு சுற்றுப்பயணத்துலதான் பத்திகொண்டாங்கற ஊர்ல காலரா வந்து இறந்தார்.

அவருக்கு அப்புறம் இது வழக்கமாவே ஆயிடுச்சு. கலெக்டர் குளிர்காலத்துல கேம்ப் போவார். பல துரைகளுக்கு ரெண்டு செட் கூடாரம். ஒண்ணுல துரை தூங்கும்போதே இன்னொண்ணு வண்டியேறி அடுத்த ஊருக்குப் போயிடும். காலைல துரை குதிரைல போய்ச் சேரும்போது தோப்பு நிழல்ல கூடாரம் தயாரா இருக்கும். ஜமாபந்தின்னு இன்னைக்கும் தாலுகா ஆபீஸ்ல வருஷா வருஷம் நடக்குதே, அந்த வார்த்தை அந்த உலகத்தோட மிச்சம்.

சரி, அந்த வண்டி யாரோடது? பல சமயம் ஊர்க்காரனோடது. உழவு நேரமா அறுப்பு நேரமான்னு பார்க்காம வண்டியைப் பிடிச்சுட்டுப் போவாங்க. ஊருக்குள்ள வேலைக்கு ஆள் வேணும், விறகு வேணும், பால் வேணும். கூலி இல்லாம வாங்குற கட்டாய உழைப்புக்கு நம்ம மொழியில பழைய பேர் ஒண்ணு இருக்கு, சோழர் காலக் கல்வெட்டுலயே வருது: வெட்டி. "வெட்டியா இருக்கேன்", "வெட்டி வேலை"ன்னு இன்னைக்கு ஈஸியா சொல்றோமே, அந்தச் சொல்லுக்குள்ள இவ்வளவு வேர்வை இருக்கு. எங்க குரூப்ல ஒருத்தர் டென்ட்டை 'வெட்டிச் சுமை'ன்னு எழுதினாரே, அவருக்குத் தெரியாமலே சரியா எழுதிட்டார்.

இதுக்கு எதிரா எழுந்த போராட்டம் ஒண்ணு வடக்கே நடந்தது. இமயமலை அடிவாரத்துல குமாவுன் பகுதி. அங்க வண்டி ஓட ரோடு இல்ல, அதனால அதிகாரிகளோட மூட்டை முடிச்சு எல்லாத்தையும் மனுஷன் முதுகுலதான் ஏத்துவாங்க. எந்த ஊர்ல இருந்து யார் சுமக்கணும்னு பதிவேடு இருக்கும். 1921 ஜனவரில பாகேஷ்வர்ல உத்தராயணித் திருவிழா நடந்தது. நமக்குப் பொங்கல் சமயம். பத்ரி தத் பாண்டே போன்றவங்க தலைமையில ஆயிரக்கணக்கான பேர் கூடி, இனிமே சுமக்க மாட்டோம்னு உறுதி எடுத்து, அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆத்துல வீசிட்டாங்க.

வண்டியில தூங்கின ஒன்பது வயசுப் பையன்

இப்ப கூடாரம் இல்லாதவங்க பக்கம் வருவோம்.

எங்க ஆயா சின்ன வயசுல ஆர்.கே.பேட்டைல இருந்து மாட்டு வண்டியிலதான் ஆடிக் கிருத்திகைக்குப் போனாங்க. அப்போ திருத்தணி ஆந்திராவுல, சித்தூர் மாவட்டத்துல இருந்தது. ம.பொ.சி. மாதிரி ஆட்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோட, அன்னைய மெட்ராஸ் மாநிலத்தோட, சேர்ந்தது. முருகனுக்கு எல்லைக்கோடு தெரியாது. இன்னைக்கும் காவடி எடுத்துட்டு நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துல இருந்து கூட்டம் கூட்டமா வர்றாங்க.

ஆயா சொல்ற கணக்கு இது. சாயங்காலம் வண்டி கட்டுவாங்க. மூங்கில் வளைச்சுப் பாய் போட்ட கூண்டு. அடியில வைக்கோல், அதுவே ராத்திரி மெத்தை, காலைல மாட்டுக்குத் தீனி. ஒரு ஜமுக்காளம், புளிசோறு ஒரு தூக்கு, ஒரு குடம், ஒரு தாம்புக்கயிறு. மலைக்குக் கீழே ஒரு தோப்புல வண்டியை அவிழ்ப்பாங்க. குழந்தைகளும் மாசமா இருக்கிறவங்களும் கூண்டுக்குள்ள. ஆம்பளைங்க அச்சுக்குக் கீழே. மாடு சக்கரத்துல கட்டியிருக்கும். மழை வந்தா எல்லாரும் வண்டிக்கு அடியில. கூடாரம்ங்கற பேச்சே கிடையாது. "தண்ணி எங்க இருக்கோ அங்கதான் அவுப்போம்"னு சொல்வாங்க.

வண்டியை விட்டா சத்திரம். சென்னைல இருந்து திருத்தணி போற ரோட்டுல கனகம்மாசத்திரம்னு ஒரு ஊர் தாண்டுவீங்க. பேர்லயே இருக்கு பாருங்க. 1830 மே மாசம் ஏனுகுல வீராஸ்வாமின்னு மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்ல வேலை பார்த்த ஒருத்தர், நூறு பேருக்கு மேல கூட்டிக்கிட்டுக் காசிக்குக் கிளம்பினார். தெலுங்குல அவர் எழுதின 'காசி யாத்ர சரித்ர' படிச்சா இன்னைய டிராவல் விலாக் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு ஊர்லயும் தங்க இடம் இருக்கா, தண்ணி எப்படி, கடைல என்ன கிடைக்கும்னு குறிச்சுக்கிட்டே போறார். பல்லக்குல போற வசதியான மனுஷனுக்கே ராத்திரிக் கேள்வி அதுதான்.

ஆனா எல்லாருக்கும் சத்திரத்துல இடம் கிடைச்சதா? கிணத்துல தண்ணி கிடைச்சதா?

1901. மகாராஷ்டிரால சதாரா. ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன், அண்ணன், அக்கா பசங்களோட கோரேகாவ்ல வேலை பார்க்கிற அப்பாவைப் பார்க்க ரயில்ல வந்து மாசூர் ஸ்டேஷன்ல இறங்குறான். புதுத் துணி, கையில காசு. அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேரல, கூட்டிட்டுப் போக ஆள் வரல. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பா விசாரிச்சார், மஹார் பசங்கன்னு தெரியுற வரைக்கும். அப்புறம் முகம் மாறிடுச்சு. எந்த வண்டிக்காரனும் ஏத்திக்க மாட்டேன்னுட்டான். கடைசில ரெட்டைக் கூலி, வண்டியைப் பசங்களே ஓட்டணும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான்னு ஒப்பந்தம்.

ராத்திரி ஒரு சுங்கச்சாவடிக்கு வந்து சேர்றாங்க. சாப்பாடு நிறைய இருக்கு, தண்ணி இல்ல. அந்தப் பையன் தன்னை முஸ்லிம்னு சொல்லி, உருதுல பேசித் தண்ணி கேட்டுப் பார்க்கிறான். சாவடிக்காரர் தர முடியாதுன்னுட்டார். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்து, வண்டியை முன்பக்கம் சாய்ச்சு நிறுத்தியிருந்தான். பசங்க வண்டிப் பலகை மேல படுக்கையை விரிச்சு, தண்ணி குடிக்காம, சாப்பிடாம படுத்துட்டாங்க.

அந்தப் பையன் பேர் பீமராவ். அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்'னு பின்னாடி எழுதின குறிப்புகள்ல இதைச் சொல்றார். அந்த ராத்திரி அவருக்குத் தலைக்கு மேல கூரை இல்லாதது பிரச்சினையே இல்ல. வண்டி இருந்தது, படுக்கை இருந்தது, சோறு இருந்தது. இல்லாதது ஒரு குவளைத் தண்ணி. தண்ணி அங்க இருந்தும் கொடுக்கல.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்ந்துச்சு? 1924-ல மெட்ராஸ் சட்டசபையில இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொது இடம் எல்லாத்துலயும் எல்லாச் சாதிக்காரங்களும் போகலாம்னு. அதைச் சட்டசபையில சொல்ல வேண்டியிருந்ததுன்னா ரோட்டுல நிலைமை என்னன்னு யோசிச்சுக்கோங்க. இந்த மாகாணத்துக் கோயில்கள் எல்லாருக்கும் சட்டப்படி முழுசா திறந்தது 1947-லதான்.

இதைப் படிச்ச அப்புறம் ஆயா சொன்ன அந்தத் தோப்பு எனக்குள்ள மாறிடுச்சு. தண்ணி இருக்கிற இடத்துல அவுப்போம்னு அவங்க சாதாரணமாச் சொன்னாங்க. அந்தக் கிணத்துல எல்லா வண்டிக்காரங்களும் தண்ணி எடுத்தாங்களா, சில வண்டிங்க தள்ளி நின்னுச்சான்னு நான் கேட்டதே இல்ல. கேக்கத் தோணின வயசுல ஆயா இல்ல.

சரி, டென்ட் வாங்கலாமா?

குரூப்ல பதில் சொல்லணுமே. நான் சொன்னது இது.

முதல்ல, காரும் மாட்டு வண்டியும் ஒண்ணு இல்ல. கூண்டு வண்டி ரெண்டு பக்கமும் திறந்தது, காத்து தானா போகும். கார் மூடின பெட்டி. எஞ்சினை ஓட விட்டு ஏ.சி. போட்டுத் தூங்குறது ஆபத்து. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்ல, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். எஞ்சினை அணைச்சுட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கொசுவலை மாட்டித்தான் தூங்கணும். அப்படித் தூங்கினா ரெண்டு பேருக்குக் கார் போதும்.

ரெண்டாவது, நாங்க ஏழு பேர். அம்மாவுக்கு முட்டி வலி, கார்ல குனிஞ்சு ஏறி இறங்க முடியாது. பொண்ணுங்களுக்கு மறைவா ஒரு இடம் வேணும். அதோட, வண்டியை அவிழ்த்தா அது விடியுற வரைக்கும் அங்கயேதான் நிக்கும். கார் அப்படி இல்ல. ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லன்னா காரை எடுத்தாகணும். வீடே கிளம்பிப் போயிட்டா மத்தவங்க எங்க படுப்பாங்க? அதனால ஒரு சின்னக் கூடாரம் வேணும். என் கணக்கு ஒண்ணே ஒண்ணுதான்: அதை நாமளே தூக்கணும், நாமளே நடணும், நாமளே பிரிச்சு மடிக்கணும். "அங்க போய் யாரையாவது வச்சுப் போட்டுக்கலாம்"னு ஆரம்பிச்சா அது துரை டேரா. பெருசா நாலு ரூம் டென்ட் பார்த்து வச்சிருந்தான் தம்பி, அதை வேணாம்னுட்டேன். ஆடி மாச மழைக்கு மேல போட ஒரு தார்ப்பாய் சேர்த்துக்கிட்டோம்.

மூணாவது, மாமா கேட்ட கேள்வி. எங்க போடப் போறோம்? கிருத்திகை அன்னைக்குத் திருத்தணிக்கு லட்சக்கணக்குல ஜனம் வரும். அடிவாரத்துல காரை ஓரங்கட்டிக் கூடாரம் விரிச்சா காவடி போற வழியை அடைச்ச மாதிரி. அதனால ஊர்ப் பக்கமே, தெரிஞ்சவங்க மாந்தோப்புல, கேட்டுட்டுத் தங்குறோம். விடிகாலைல அங்கிருந்து மலைக்கு. தோப்புக்காரர்கிட்ட மாமாவே போய்ப் பேசினார். "வாங்க, கிணத்துல தண்ணி இருக்கு"ன்னு சொன்னாராம். கூடாரம் பத்தி அவர் ஒண்ணுமே கேக்கல.

அப்புறம் தண்ணி. கிணறு இருந்தாலும் கார்ல ரெண்டு கேன் ஏத்துறோம். ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணைத் தோப்பு வாசல்ல ரோட்டோரம் ஒரு ஸ்டூல் போட்டு, டம்ளரோட வைக்கிறதுன்னு முடிவு. நடந்து வர்ற காவடிக்காரங்க ராத்திரி முழுக்க அந்த வழியாத்தான் போவாங்க. யாரு என்னன்னு கேக்காம குடிச்சுட்டுப் போகட்டும்.

தம்பி கடைசியா ஒரு மெசேஜ் போட்டான்: "அண்ணா, டென்ட் வேணுமான்னுதானே கேட்டேன்? இவ்வளவா?" அவனுக்கு இந்த எபிசோட் லிங்க் அனுப்பப் போறேன்.

உங்க வீட்டுலயும் மாட்டு வண்டியில திருவிழாவுக்குப் போன ஆயாவோ தாத்தாவோ இருந்தா, இந்த வாரம் உட்கார்ந்து கேளுங்க. எங்க அவிழ்த்தாங்க, யார் எங்க படுத்தாங்க, தண்ணி எங்க எடுத்தாங்க, யாருக்குக் கொடுத்தாங்கன்னு. நான் கேக்காம விட்டதையும் சேர்த்துக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.